பட்டப்படிப்பில் இரசாயனவியல்: யாழ்ப்பாணமும் தமிழ்நாடும்

இலங்கையில் உயர்தரத்தில் உயிரியல் பிரிவை எடுத்தாலும் கணிதப் பிரிவை எடுத்தாலும் இரசாயனவியலிலிருந்து தப்ப முடியாது. வைத்தியராக நினைப்பவரும் பொறியியலாளராக நினைப்பவரும் அதே 50 பல்தேர்வு வினாக்களுக்கு முன்னால்தான் உட்காருகிறார்கள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி கொஞ்சம் குறைந்துபோனவர்களில் ஒரு பகுதியினர் விஞ்ஞான பீடத்துக்கு வந்து சேர்கிறார்கள். தமிழ்நாட்டிலும் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் கைகூடாமல் பி.எஸ்ஸி. வேதியியலில் சேரும் பிள்ளைகள் உண்டு. ஆக, இரு இடத்திலும் முதலாம் வருட வகுப்பில் மனம் வேறெங்கோ இருக்கும் மாணவர்கள் சிலரையாவது காணலாம். அவர்களுக்கு இந்தப் பாடத்தில் பற்று வரவைப்பது ஆசிரியரின் முதல் வேலை. அதற்குப் பிறகு இரண்டு நாட்டின் வழிகளும் வெகுவாகப் பிரிகின்றன.

முதலில் வாசல். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது ஒடுங்கியது. அரச பல்கலைக்கழகங்களின் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. பரீட்சை எழுதி, முடிவு வந்து, பதிவுக்கு அழைப்பு வருவதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் கழிந்துவிடுகிறது. உள்ளே போய்விட்டால் கட்டணம் இல்லை. வசதி குறைந்தவருக்கு மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும். தமிழ்நாட்டிலோ மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தால் அடுத்த சில வாரங்களில் கல்லூரி தொடங்கிவிடுகிறது. சிறு நகரங்களில்கூடக் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. காலையில் பஸ் ஏறிப் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். இல்லையென்றால் கல்லூரி வாசலையே மிதித்திருக்க முடியாத எத்தனையோ பெண்பிள்ளைகள் இதனால் வேதியியல் பட்டதாரிகள் ஆகியிருக்கிறார்கள். இலங்கை இதைப் பார்த்துப் பொறாமைப்படத்தான் வேண்டும்.

மொழி விஷயத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. யாழ்ப்பாண மாணவர் உயர்தரம்வரை அனைத்தையும் தமிழில் படிக்கிறார். அளவியில் காரத்தை நிரப்பி, குழாயியால் அமிலத்தை எடுத்து, காட்டி இரண்டு துளி விட்டு நியமிப்புச் செய்கிறார். ஒட்சியேற்ற எண், சமநிலை மாறிலி, சேதனத் தாக்கங்களின் பொறிமுறை என எதையும் தமிழில் யோசித்துத் தமிழில் எழுதத் தெரிந்தவர் அவர். பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் முதல் நாளிலிருந்தே எல்லாம் ஆங்கிலம். நன்றாகத் தெரிந்த விடயத்தைக்கூடக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாமல் முதல் அரையாண்டு முழுக்கத் திணறுகிறவர்கள் ஏராளம். பாடம் கடினமாக இருந்து திணறினால் அதில் நியாயம் இருக்கிறது. தெரிந்த பாடத்தில் திணறுவது வீண் துன்பம்.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகள் பலவற்றில் பி.எஸ்ஸி. வேதியியலைத் தமிழ் வழியிலேயே படிக்க முடியும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலைகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. அதோடு, எந்த வழியில் படித்தாலும் பட்டப்படிப்பின் பகுதி ஒன்றில் தமிழை எடுக்கலாம். எடுத்த வேதியியல் மாணவர் சங்கப் பாடலையும் புதுக்கவிதையையும் படித்துத் தேர்வு எழுதியாக வேண்டும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் தமிழ் வழி மாணவருக்கும் ஆங்கிலச் சுவர் இல்லாமல் இல்லை, அது மூன்று வருடம் தள்ளி நிற்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ஜாம் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. யாழ்ப்பாணத்து மாணவர் தொடக்கத்தில் மோதும் சுவரில் இவர் முடிவில் மோதுகிறார். இரண்டில் எது மேல் என்று கேட்டால், முதலிலேயே மோதுவதுதான். மீண்டு எழ மூன்று நான்கு வருடங்கள் கையில் இருக்கின்றன. ஆனால் துணை இல்லாமல் மோதவிடுவது கொடுமை. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் ‘கெமிஸ்தம்’ என்று ஒரு முழு நூலையே 1875இல் தமிழில் தந்தார். அப்படிப்பட்ட ஊரில், முதலாம் வருடத்துக்கென்று இரு மொழியிலும் அமைந்த ஒரு கைந்நூல் செய்வது முடியாத காரியமா?

ஆய்வுகூடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு மாணவர் பிளஸ் டூவிலேயே உப்புப் பகுப்பாய்வு செய்து, செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வாங்கிவிட்டு வருகிறார். கல்லூரியில் அதுவே பெரிதாகிறது. இரண்டு அமில மூலிகங்களும் இரண்டு கார மூலிகங்களும் கலந்த பொடி ஒன்றைக் கையில் கொடுத்து என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அமில மூலிகங்களில் ஒன்று ஆக்சலேட், பாஸ்பேட் போன்ற குறுக்கீட்டு மூலிகமாக இருக்கும். மூன்றாம் தொகுதிக்குப் போகுமுன் அதை நீக்கியாக வேண்டும். நீக்காமல் அம்மோனியாவைச் சேர்த்துக் கரைசலைக் காரமாக்கினால், அமிலத்தில் கரைந்து கிடந்த கால்சியமும் பேரியமும் பாஸ்பேட்டாகவோ ஆக்சலேட்டாகவோ முன்கூட்டியே வீழ்படிந்து விடையைத் தவறாக்கிவிடும். ஏன் இந்த வரிசை என்று புரிந்து செய்கிற மாணவருக்குக் கரைதிறன் பெருக்கமும் பொது அயனி விளைவும் விரல் நுனிக்கு வந்துவிடும். புரியாமல் செய்கிறவருக்கோ அது மனப்பாடம் செய்த சடங்குதான். ரெக்கார்டு நோட்டில் எல்லாருக்கும் ஒரே விடை இருப்பதைப் பார்த்தால் எவர் எந்த வகை என்று சொல்ல முடியாது.

இலங்கையின் உயர்தரத்தில் செய்முறைக்கெனத் தனிப் பரீட்சை இல்லை. வினாத்தாளில் செய்முறை பற்றிக் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆகவே சில பாடசாலைகளிலிருந்து வரும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில்தான் ஒரு முழு நியமிப்பைத் தாமே செய்கிறார்கள். ஆனால் அங்கே வாரந்தோறும் செய்முறை, வாரந்தோறும் அறிக்கை. அதற்கான புள்ளியும் இறுதிப் பெறுபேற்றில் சேர்கிறது. மூத்த மாணவரின் பழைய அறிக்கையைப் பார்த்து எழுதும் வழக்கம் மட்டும் ஒழிந்தால் இது மிக நல்ல முறை. பொருள் தட்டுப்பாடு வேறு. 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்குமே டொலர் இல்லாத நாட்டில், இறக்குமதியை நம்பியிருக்கும் ஆய்வுகூடங்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

என் பார்வையில் மிகப் பெரிய வேறுபாடு, வினாத்தாளை யார் எழுதுகிறார் என்பது. இலங்கையில் விரிவுரை நடத்தியவரே வினாவும் எடுக்கிறார். தான் வகுப்பில் வலியுறுத்தியதை அவரால் கேட்க முடியும். தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரிகளை விட்டுவிட்டால், இணைவுக் கல்லூரி ஆசிரியர் தன் மாணவருக்கான 75 மதிப்பெண் வினாத்தாளைத் தேர்வு நாளில்தான் பார்க்கிறார். அதனால்தான் பழைய வினாத்தாள் தொகுப்புகள் பாடநூலை விட அதிகம் புரட்டப்படுகின்றன. புரி, சர்மா போன்றோர் எழுதிய தடித்த பௌதிக வேதியியல் நூலில் வினா வரக்கூடிய பக்கங்கள் மட்டுமே அழுக்காகியிருப்பதைப் பல நூலகங்களில் காணலாம்.

தமிழ்நாட்டின் மூன்று வருட பி.எஸ்ஸி.யில் இல்லாத நான்காம் வருடமும் ஒரு வேறுபாடு. இலங்கையில் சிறப்புப் பட்டத்துக்குத் தேர்வானவர் அந்த வருடத்தில் தானே ஓர் ஆய்வு செய்கிறார். குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் ஊறும் கிணற்று நீரில் நைத்திரேற்று எவ்வளவு என்பது போன்ற, தன் வீட்டைத் தொடும் கேள்வியை அவர் எடுக்கலாம். ஆனால் படிப்பு முடிந்தபின் போவதற்கு இடம் குறைவு. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் தொழிற்சாலை போரில் அழிந்தது. தமிழ்நாட்டு மாணவருக்கு மணலி, தூத்துக்குடி வேதித் தொழிற்சாலைகள் இருக்கின்றன, ராணிப்பேட்டையின் தோல் ஆலைகள் இருக்கின்றன. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. இவ்வளவையும் அருகில் வைத்துக்கொண்டு, ஒரு கேள்வியைக்கூடத் தானாக ஆராயாமல் பட்டம் வாங்கிப் போகிறவர் அங்கே இன்னும் பலர்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மூன்றாம் ஆண்டில் ஒரு பருவத்தையாவது எல்லா மாணவருக்கும் ஆய்வுக்கென்று ஒதுக்க வேண்டும். யாழ்ப்பாணத்து விஞ்ஞான பீடம், அனுமதிக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு வருடத்திலேயே பிள்ளைகளை அழைத்து ஆங்கிலத்தில் இரசாயனவியல் வாசிக்கப் பழக்க வேண்டும். இரண்டுக்கும் புதுக் கட்டடம் தேவையில்லை.