பெங்களூர்த் திட்டமும் தமிழ்ப்பள்ளி ஆங்கில ஆசிரியரும்

வீட்டில் ஆங்கிலம் பேசப்படாத குழந்தைக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தக்கவர் யார்? ஆங்கிலத்தைப் பிறப்பிலேயே பெற்றவரா, நன்கு கற்றவரா, அல்லது குழந்தையின் மொழியையும் சேர்த்து அறிந்தவரா? தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழோடு மலாய், அதற்குப் பின்னரே ஆங்கிலம். ஆகவே, இவ்வினாவுக்கு விடை தேடும் நூல் எதுவாயினும் தமிழாசிரியரும் அதனை ஊன்றிப் படித்தல் வேண்டும். அத்தகைய நூல்களுள் தலையாயது, திரு. என். எஸ். பிரபு எழுதி 1987-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகோஜி’ என்பதாகும்.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, வாய்ப்பாடுபோல் ஒப்பிக்கச் செய்யும் முறையே அக்காலத்தில் தென்னாட்டில் ஓங்கியிருந்தது. பிரபு அதனைக் கைவிட்டார். பொருளில் மனம் ஊன்றும்போதே மொழியின் வடிவம் தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. எனவே இலக்கணப் பாடத்துக்குப் பதிலாக, சிந்தித்துத் தீர்க்க வேண்டிய பணிகளை மாணவர்முன் வைத்தார். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் வினவி ஒரு கணக்கைத் தீர்ப்பார். பிறகு அதுபோன்ற மற்றொன்றை மாணவர் தாமே தீர்ப்பர். ஏறத்தாழப் பாதி மாணவர் பாதி வேலையையேனும் சரியாகச் செய்தால், பணி தக்க அளவில் கடினமாக இருக்கிறது எனக் கொள்ளலாம் என்பது அவர் வகுத்த அளவுகோல்.

இம்முறையின் சிறப்பைக் கிள்ளானிலேயே காணலாம். பிரிக்பீல்ட்ஸிலுள்ள கேஎல் செண்ட்ரல் நிலையத்தில் பத்து மணிக்கு ஒருவரைச் சந்திக்க வேண்டும். கிள்ளானிலிருந்து எந்த ரயிலில் புறப்படுவது? கால அட்டவணையைக் கையில் கொடுத்து இதனை ஆங்கிலத்தில் வினவினால், மாணவன் ‘முன்னர்’, ‘பின்னர்’, ‘தாமதமாக’ என்பவற்றுக்குரிய சொற்களைத் தேவை கருதியே தேடுவான். பிழையாகச் சொன்னாலும், ரயிலைத் தவறவிடாத விடையாயின் அவன் சிந்தனை பாராட்டப்படும். மொழிப்பிழையை ஆசிரியர் பேச்சின் ஊடே திருத்திச் செல்வார். கேலிக்கு அஞ்சி வாய் திறவாத பிள்ளைக்கு இதனினும் நல்ல மருந்து இல்லை.

எனினும் நூலில் இரு குறைகள் உள. முதலாவது, ஆசிரியரைப் பற்றியது. ஒப்பிக்கச் செய்யும் முறையில் பாடப்புத்தகமே ஆசிரியரைத் தாங்கிக் கொள்ளும். பிரபுவின் முறையிலோ மாணவன் எதைச் சொல்வான் என்பது முன்கூட்டித் தெரியாது. அந்த நொடியிலேயே ஆசிரியர் தகுந்த ஆங்கிலத்தில் விடையிறுக்க வேண்டும். ஆலன் பெரெட்டா என்னும் ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தையே சுட்டுகிறது. திட்டத்துக்கென வந்தவர்கள் முறையை நன்கு கையாண்டனர். பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களோ அவ்வளவு வெற்றி பெறவில்லை. மலேசியாவும் இதனை வேறு வகையில் அனுபவித்தது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. தாய்மொழியில் பயிற்சி பெற்ற ஆசிரியரைத் திடீரென வேற்றுமொழியில் பாடம் நடத்தச் சொன்னால், மொழியும் தளரும், பாடமும் தளரும். ஆசிரியரை ஆயத்தம் செய்யாத முறை, ஏட்டளவில் எத்துணைச் சிறந்ததாயினும் வகுப்பறையில் நிலைபெறாது.

இரண்டாவது குறை, மாணவனின் தாய்மொழிக்கு இந்நூலில் நடுநாயகமான இடம் இல்லாமை. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்கிறது தமிழ். ஆங்கிலம் ‘ஐ ஹேவ் எ பிரதர்’ என்கிறது. ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல் தமிழில் வழங்காமையால் தமிழ்ப் பிள்ளை தடுமாறுகிறான். ஆனால் அவன் மலாயில் ‘சாயா அடா அடிக்’ என்று முன்னமே கற்றிருக்கிறான். அவ்வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்கு மிக அணுக்கமானது. மும்மொழியும் அறிந்த ஆசிரியர் மலாயைப் பாலமாக்கி ஒரு நொடியில் அவனைக் கரை சேர்த்துவிடுவார். மேலும், ‘தம்பி’ என்ற சொல் வயதையும் பாலையும் ஒருங்கே காட்டுகிறது. ‘அடிக்’ வயதை மட்டும் காட்டுகிறது. ‘பிரதர்’ பாலை மட்டும் காட்டுகிறது. ஒரு குடும்பத்தின் உறவுகளை மூன்று மொழியிலும் வரைந்து காட்டுக என்றால், அதுவே பிரபு விரும்பும் சிந்தனைப் பணியாகிவிடும். தமிழ் மட்டும் அறிந்தவரும், ஆங்கிலம் மட்டும் அறிந்தவரும் இப்பணியை அமைத்தல் இயலாது.

தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என அஞ்சிப் பிற பள்ளிகளை நாடும் பெற்றோர் உளர். அவர்தம் அச்சத்தை வெறும் மொழிப்பற்றால் போக்க இயலாது. நல்ல ஆங்கில ஆசிரியரால்தான் போக்க இயலும். பிரபுவே 1990-இல் எழுதிய கட்டுரையில், எல்லார்க்கும் பொருந்தும் சிறந்த முறை என ஒன்று இல்லை என்றும், தாம் செய்வது ஏன் பயன் தருகிறது என்னும் ஆசிரியரின் உயிருள்ள உணர்வே முதன்மையானது என்றும் வாதிட்டார். இக்கருத்தே அவர் நூலின் குறைகளை நிறைவு செய்கிறது.

தேசிய மொழி ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென 1958-இல் கோலாலம்பூரில் தோன்றிய மொழிக் கழகம், இன்று லெம்பா பந்தாயில் ஆங்கில ஆசிரியரையும் உருவாக்கும் ஆசிரியர் கல்விக் கழக வளாகமாக விளங்குகிறது. பிரிக்பீல்ட்ஸுக்கு அது தொலைவன்று. அத்தகைய பயிற்சிக் கூடங்களில் தமிழ்ப்பள்ளிக்குச் செல்லவிருக்கும் ஆங்கில ஆசிரியருக்குத் தமிழ், மலாய், ஆங்கில வாக்கிய அமைப்புகளை ஒப்பிடும் பயிற்சி தனிப் பாடமாக அமைதல் வேண்டும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பள்ளியில் வாரம் ஒருமுறை அமர்ந்து, மாணவரின் பிழைகளை ஒருங்கே ஆராய்தல் வேண்டும். பிரபுவின் நூலைப் படிப்போர் அவருடைய பணிகளை அப்படியே பெயர்த்தெடுக்காமல், அவற்றைத் தம் பிள்ளைகளின் மூன்று மொழிகளுக்கும் ஏற்ப மாற்றி அமைப்பார்களாயின், நூலும் பயன்படும், பள்ளியும் வளரும்.