‘லின்’ என்றால் என்ன? ஏஜென்ட் படிக்கும் விளக்கக் குறிப்பு பற்றி

அமெரிக்கப் பொருளாதாரப் புள்ளிவிவரம் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் ஃப்ரெட். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்துவது. 8 லட்சத்துக்கும் மேல் தரவுத் தொடர்கள் இருக்கின்றன, ஏபிஐ இலவசம், ஒரு கீ வாங்கினால் போதும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி நெறிமுறையை வெளியிட்ட பிறகு, இந்த ஏபிஐயை ஏஐ ஏஜென்ட்டுகள் பயன்படுத்தும் கருவியாக மாற்றித் தரும் நிரல்கள் கிட்ஹப்பில் வரிசையாக வந்துவிட்டன. நான் அவற்றின் கோடைவிட விளக்கக் குறிப்பைத்தான் கவனமாகப் படித்தேன். ஏனென்றால் ஏஜென்ட் படிப்பது அதைத்தான். கருவியின் பெயர், சின்னதாக ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு தரலாம் என்ற பட்டியல். கருவியைக் கூப்பிடுவதற்கு முன் மாடலுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

அப்படி ஒரு கருவி. பெயர் வேண்டாம், யாரோ ஓய்வு நேரத்தில் இலவசமாக எழுதிக் கொடுத்தது. கோடு சுத்தமாக இருக்கிறது. ரீட்மீயில் எப்படி நிறுவுவது, கீயை எங்கே வைப்பது எல்லாம் படத்தோடு இருக்கிறது. ஏஜென்ட்டுக்கான விளக்கம் மட்டும் ஒரே வரி: ஃப்ரெட் தொடரின் தரவைப் பெறும். மனுஷனுக்கு இரண்டு பக்கம், மாடலுக்கு நாலு வார்த்தை.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்க. ஜிடிபி தொடரைக் கேட்டால் ஏபிஐ தேதியும் மதிப்பும் தரும். அலகு என்ற இடத்தில் ‘லின்’ என்று இருக்கும். டாலரா, கோடியா, சதவீதமா? எதுவும் இல்லை. ‘எந்த உருமாற்றமும் செய்யாமல் அப்படியே தந்திருக்கிறேன்’ என்பதுதான் அதற்குப் பொருள். உண்மையான அலகு, பில்லியன் டாலர், பருவகாலச் சரிப்படுத்தல் செய்த வருட வேகம், இன்னொரு அழைப்பில் இருக்கிறது. ஃப்ரெட் இணையதளத்தில் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும் என்பதால் நமக்கு உறுத்துவதில்லை. ஏஜென்ட்டுக்கு அந்தப் பக்கமே தெரியாது.

‘வருட வேகம்’ என்பதுதான் இதில் ஆபத்தான வார்த்தை. ஒரு காலாண்டின் வேகத்திலேயே முழு வருஷமும் ஓடினால் எவ்வளவு வரும் என்ற கணக்கு அது. 2022இன் ஒவ்வொரு காலாண்டுக்கும் 25 அல்லது 26 ஆயிரத்துச் சொச்சம் என்று எண் வரும். நாலையும் கூட்டினால் 100 டிரில்லியன் டாலரைத் தாண்டும். அது கிட்டத்தட்ட உலக நாடுகள் எல்லாவற்றின் ஜிடிபி! இதில் வேடிக்கை, கொஞ்சம் பொருளாதாரம் தெரிந்த மாடல்தான் இந்தக் குழியில் விழும். ஜிடிபி ஒரு கால அளவில் சேர்கிற தொகை, அதனால் கூட்ட வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஏபிஐயிலும் ஆண்டு வாரியாகத் தொகுக்க சராசரி, கூட்டல், கடைசி மதிப்பு என மூன்று வழி உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் சராசரி, இந்தத் தொடருக்கு அதுவே சரி. கருவியின் குறிப்பு மூன்றையும் வெறுமனே பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எந்தத் தொடருக்கு எது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

விடுபட்ட எண்கள் கதை இன்னொன்று. ஃப்ரெட் மதிப்புகளைச் சரமாகத் தருகிறது, இல்லாத மதிப்புக்கு ஒரு புள்ளி வைக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அமெரிக்க அரசு முடங்கியதில், அக்டோபர் மாதத்துக்கான நுகர்வோர் விலைக் குறியீடு வெளியாகவே இல்லை. இந்தக் கருவி புள்ளி இருக்கும் வரிசைகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறது. குறிப்பில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்போது நவம்பருக்கு ‘முந்தைய’ எண் செப்டம்பர் ஆகிவிடும். இரண்டு மாத மாற்றத்தை ஒரு மாதப் பணவீக்கம் என்று ஏஜென்ட் தைரியமாக எழுதும். நீக்குவது தப்பில்லை, நீக்கினேன் என்று சொல்லாததுதான் தப்பு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, எந்தத் தேதியில் தெரிந்த எண் என்ற விஷயம். 2022 ஜூலை 28இல் வந்த முதல் மதிப்பீட்டின்படி, அந்த வருஷம் இரண்டாம் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் வருட வேகத்தில் 0.9% சுருங்கியது. முதல் காலாண்டும் மைனஸ். ஆகவே மந்தநிலையா இல்லையா என்று அமெரிக்காவே ரெண்டுபட்டது. 2024 செப்டம்பர் ஆண்டுத் திருத்தத்தில் அதே இரண்டாம் காலாண்டு 0.3% வளர்ச்சி என்று மாறியது. ஃப்ரெட்டில் இரண்டு எண்ணுமே இருக்கின்றன. ஆல்ஃப்ரெட் என்ற பெயரில் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், ரியல்டைம் தேதிகள் இரண்டைக் கொடுத்தால் அன்றைய நிலவரம் கிடைக்கும். தேதி தராவிட்டால் இன்றைய பதிப்பு வரும். ஆனால் இந்தக் கருவியின் உள்ளீட்டுப் பட்டியலில் அந்தத் தேதிகளே இல்லை. அதாவது 2022இல் முடிவெடுத்தவர்கள் முன்னால் என்ன இருந்தது என்ற கேள்வியை ஏஜென்ட் கேட்கவே முடியாது. கேட்க முடியாது என்பதும் அதற்குத் தெரியாது.

நீளமாக எழுதினால் கான்டெக்ஸ்ட் வீணாகிறதே என்பார்கள். நியாயம்தான். பத்துக் கருவிகளை இணைத்தால் பத்துக் குறிப்பும் ஒவ்வொரு உரையாடலிலும் ஏறும். அதற்காகத்தான் சொல்கிறேன், எல்லாவற்றையும் விளக்கத்தில் திணிக்க வேண்டாம். அலகு, சரிப்படுத்தல், பதிப்புத் தேதி, விடுபட்ட மாதங்கள், இந்த நாலும் பதிலோடு சேர்ந்து வரட்டும். விளக்கத்தில், தேதி தராவிட்டால் இன்றைய திருத்தப்பட்ட எண் வரும், அன்றைய எண் வேண்டுமென்றால் தேதி கொடு என்ற ஒரு வாக்கியம் போதும். கோடில் இருபது வரி கூட ஆகாது.

நீங்கள் இப்படி ஒரு கருவியை வைத்திருந்தால் ஏஜென்ட்டிடம் இதைக் கேட்டுப் பாருங்க: 2022இன் முதல் பாதியில் அமெரிக்க ஜிடிபி தொடர்ந்து இரண்டு காலாண்டு சுருங்கியதா? எந்தத் தேதி நிலவரப்படி என்று திருப்பிக் கேட்காமல் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வந்தால், மாடலைத் திட்டுவதற்கு முன்னால் கருவியின் விளக்கக் குறிப்பைத் திறந்து பாருங்க.