மால்குடியும் வழக்கக் காலமும்: சிற்றூர் ஏக்கத்தின் இலக்கணம்

முன்னுரை

பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளி இன்று மாநகரின் ஒரு பகுதி. எனினும் அதன் பெயரீறு அதனை இன்னும் சிற்றூர் என்றே சுட்டுகிறது. பழங்கன்னடப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தமையால் 'பள்ளி' என்பது 'ஹள்ளி' ஆயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்ப்பெயர்களில் அது 'அள்ளி' என வழங்குகிறது. ஊர் மறைந்தும் பெயர் அதனைக் காத்து நிற்கிறது. இழந்த சிற்றூரை இலக்கியமும் மொழிபெயர்ப்பும் எவ்வாறு காக்கின்றன, அவ்வாறு காக்கும்போது எதனை விடுகின்றன என்பன ஆராயத்தக்கவை. இதற்கு ஆர்.கே. நாராயணின் மால்குடி தக்க சான்றாகும்.

பெயர்

மால்குடி எந்த நிலப்படத்திலும் இல்லை. மல்லேஸ்வரம், பசவனகுடி என்னும் பெங்களூர்ப் பகுதிகளின் பெயர்களை இணைத்து அப்பெயர் அமைக்கப்பட்டது என்பது பரவலான கருத்து. நாராயண் 1974இல் வெளியிட்ட தன்வரலாற்றிலோ, எதை எழுதுவது என்று எண்ணியிருந்தபோது சிறிய ரயில் நிலையத்தோடு மால்குடி மனக்கண்ணில் தோன்றியதாகக் கூறுகிறார். 'குடி' என்பதைத் தமிழ் வாசகர் மன்னார்குடி, காரைக்குடி போன்று குடியிருப்பாகக் கொள்வர். கன்னட வாசகருக்கு 'குடி' கோயில். ஒவ்வொருவரும் தத்தம் சொந்த ஊரை அப்பெயரில் கண்டுகொள்ள இவ்விருபொருண்மை இடந்தருகிறது எனலாம்.

காலம்

மால்குடியை அமைதியின் உறைவிடமாகப் போற்றுவோர் பலர். 1935இல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலின் சான்று வேறு. அதில் 1930 ஆகஸ்டு 15 அன்று, அரசியல் தொண்டர் ஒருவர் கைதானதைக் கண்டித்து மக்கள் சரயு ஆற்றங்கரையில் கூடுகின்றனர். சிறுவன் சுவாமி தன் தொப்பியைத் தீயில் எறிகிறான். மறுநாள் பள்ளிக் கண்ணாடிகளை உடைக்கிறான். பின்னர் அப்பள்ளியை விட்டே நீங்குகிறான். இறுதியில் நண்பன் ராஜமும் ரயிலேறிப் போய்விடுகிறான். அவன் தன்னை மன்னித்தானா என்பது சுவாமிக்குத் தெளிவாகவில்லை. இவை ஒருமுறை நிகழ்ந்து, மீட்க இயலாது போன நிகழ்ச்சிகள்.

ஏக்க நடை நிகழ்ச்சியை வழக்கமாக மாற்றிவிடுகிறது. ஆங்கில இறந்தகால வினைமுற்று ஒன்றே ஒருமுறை நிகழ்ந்ததையும் பலமுறை நிகழ்ந்ததையும் குறிக்கவல்லது. தமிழிலோ 'சிறுவர் மணலில் விளையாடினர்' என்பதும் 'அக்காலத்தில் சிறுவர் மணலில் விளையாடுவர்' என்பதும் வேறு வேறு. பின்னதில் எதிர்கால இடைநிலை கடந்தகால வழக்கத்தை உணர்த்துகிறது. எனவே ஒவ்வொரு வினையிலும் மொழிபெயர்ப்பாளர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 'விளையாடுவர்' என்னும் வடிவம் மிகுமாயின், மூலத்தில் இல்லாத ஏக்கம் பெயர்ப்பில் குடியேறிவிடும். இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. '1930 ஆகஸ்டு 15 அன்று கூடினர்' எனலாம். அந்நாளோடு 'கூடுவர்' என்பது பொருந்தாது. வழக்கக் காலம் தேதியை ஏற்பதில்லை.

திரையும் ஊரும்

1986இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கிய, சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொடர் ஆகும்பேயில் படமாக்கப்பட்டது. அத்தொடரில் இடம்பெற்ற அரசாளு ரயில் நிலையத்தின் பழைய கட்டடம் 2020இல் மால்குடி அருங்காட்சியகமாயிற்று. அமெரிக்காவிலும் இதற்கு இணை உண்டு. 1960 முதல் 1968 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரின் கற்பனைச் சிற்றூர் மேபெர்ரி. தொடரின் நாயகன் ஆண்டி கிரிஃபித் பிறந்த மவுண்ட் ஏரி நகரம் பின்னர் அப்பெயராலேயே பயணிகளை ஈர்க்கலாயிற்று. இரண்டிடத்தும் கற்பனை ஊரை நடப்பு ஊர் பின்பற்றுகிறது. பார்வையாளர் அங்குத் தேடுவது கதையின் நிகழ்ச்சிகளை அன்று. என்றும் மாறாத அன்றாடத்தையே.

விளைவு

இது இலக்கியச் சுவை பற்றிய சிக்கல் மட்டுமன்று. 1949இல் நகரத்தோடு ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்ட 'தண்டு' பகுதியைப் பற்றிய நினைவுகூரல்களும் இவ்வடிவையே நாடுகின்றன: அக்காலத்தில் தெருவில் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒருங்கே ஒலிக்கும், எவரும் வேற்றுமை பாரார். இதனைப் பொய் எனத் தள்ள இயலாது. ஆனால் 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது என்னும் தொடர் வேறு இலக்கணத்தைச் சார்ந்தது. வழக்கக் கூற்று விதிவிலக்கைத் தாங்கவல்லது. ஒரு நிகழ்ச்சியால் அது பொய்யாவதில்லை. அதன் வலிமையும் குறைபாடும் அதுவே. துன்புற்றவரின் தேதிக்கு அதில் இடமில்லை.

முடிவுரை

மால்குடியின் சிறப்பு அதன் அமைதியில் இல்லை. அமைதியானது எனக் கருதப்படும் ஊரிலும் மீட்க முடியாதவை நிகழ்வதைக் காட்டுவதில் உள்ளது. அதனைத் தமிழில் தருவோர் வினைமுற்றின் காலத்தைக் கவனத்துடன் தேர்தல் வேண்டும். ஜீவனஹள்ளி என்னும் பெயர் அங்கு ஒரு சிற்றூர் இருந்ததைக் கூறும். அங்கு வாழ்ந்தோர்க்கு நேர்ந்ததைக் கூறாது. அதனைக் கூறும் பொறுப்பு வினைச்சொல்லுடையது.