37 மணி நேரச் சரித்திரம்

நாவலைப் படித்துவிட்டு வாசகர்கள் சொல்லுகிற அபிப்பிராயங்களைக் கேட்பதில் எனக்கு நெடுநாளாக ஒரு மோகம் உண்டு. விமரிசகர்களின் தீர்ப்பைவிட அவற்றில் நியாயம் அதிகம் என்பதற்காக அல்ல. வாசகர் வாயால் சொல்லுவது ஒன்று, புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்தது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் கதை எழுதுகிறவனுக்கு வேண்டிய சங்கதி கிடக்கிறது.

மைக்கேல் கிரைட்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1999-இல் வெளியிட்ட 'டைம்லைன்' என்ற நாவலைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்கள் எல்லாமே இந்த ரகந்தான். எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது மிகவும் கோபமாக இருந்தார்.

"என்னய்யா புத்தகம் இது? பாத்திரம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மனுஷன் உண்டா? அத்தனையும் அட்டைப் பொம்மை. சினிமாவுக்கு எழுதிக் கொடுத்ததை நாவல் என்று அச்சடித்துவிட்டான்!"

"எத்தனை நாளாயிற்று படிக்க?" என்று கேட்டேன்.

"முந்தாநாள் சாயங்காலம் எடுத்தேன். நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு முடித்தேன்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

400 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம் அது!

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் தேசத்தில் தோர்தோன் நதிக்கரையில் ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் இடிந்த கோட்டையையும் மடாலயத்தையும் தோண்டி ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பணம் கொடுப்பது அமெரிக்காவில் உள்ள ஒரு கம்பெனி. ஏதோ சந்தேகம் வந்து பேராசிரியர் அந்தக் கம்பெனிக்குப் போகிறார். அவர் போன சில நாளில், அறுநூறு வருஷமாக மூடிக் கிடந்த நிலவறையில் மாணவர்களுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வில்லையும், உதவி கோரும் சீட்டு ஒன்றும் அகப்படுகின்றன. வில்லை இந்தக் காலத்தது. கையெழுத்து பேராசிரியருடையது. சீட்டில் உள்ள வருஷம் 1357! அவரை மீட்க மாரெக், கிறிஸ், கேட் என்ற மூன்று பேர் கம்பெனியின் யந்திரத்தில் ஏறி அந்தக் காலத்துக்குப் போகிறார்கள். திரும்பி வர அவர்களுக்கு உள்ள அவகாசம் 37 மணி நேரம். மிச்சமுள்ள நேரத்தை அத்தியாயத் தலைப்பிலேயே மணி, நிமிஷம், விநாடியாகப் போட்டுக்கொண்டு போகிறார் ஆசிரியர்.

இந்தத் தந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதியவன் நான். 'தொடரும்' என்று போடுவதற்கு முன் கதாநாயகியைக் கிணற்றங்கரையில் வழுக்கி விழவைத்து, அடுத்த வாரம் முதல் வரியிலேயே அவளை எழுப்பி நிற்க வைத்த பாவம் எனக்கும் உண்டு. கிரைட்டன் விநாடிக் கணக்கில் செய்ததை நான் வாரக் கணக்கில் செய்தேன், அவ்வளவுதான்.

விஞ்ஞானம் படிக்கும் நண்பரின் பெண் ஒருத்தி வேறு விதமாகக் கேட்டாள். நாவலில் வரும் விஞ்ஞானிகள், 'நாங்கள் காலத்தில் பின்னோக்கிப் போகவில்லை, வேறொரு பிரபஞ்சத்துக்குப் போகிறோம், அங்கே இப்போது 1357 நடக்கிறது' என்று விளக்குகிறார்கள்.

"அது வேறே பிரபஞ்சம் என்றால், அங்கே எழுதின சீட்டு இங்கே நம்ம ஊர் நிலவறையில் எப்படி மாமா கிடைக்கும்?" என்றாள் அவள்.

ஒரு பிரபஞ்சத்தில் நடப்பது இன்னொன்றிலும் பிரதிபலிக்கும் என்று கதையில் ஏதோ சமாதானம் சொல்லப்படுகிறது. அதை நான் எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்தாள். உலகெங்கும் இந்த நாவலைப் படித்தவர்கள் கேட்ட கேள்வி இது. கதை முழுதும் அந்தச் சீட்டின் மேல் நிற்கிறது. அந்தச் சீட்டு நிற்க இடம் இல்லை. இதில் வாசகர் கட்சியே ஜெயம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போகிறேன்.

சரித்திர ஆசிரியருக்கோ, ஆச்சரியம், சரித்திரத்தில் குறை ஒன்றும் அகப்படவில்லை. 1356-இல் புவாத்தியே சண்டையில் பிரெஞ்சு அரசன் ஜான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். அதற்கு அடுத்த வருஷம் தேசத்தில் அரசன் இல்லை, சம்பளம் இல்லாத படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகக் கொள்ளையடித்துத் திரிந்தார்கள். அப்படி ஒரு கூட்டத்துக்குத் தலைவனாக இருந்த ஆர்னோ த செர்வோல் நிஜ மனிதன். கதையில் கோட்டையை முற்றுகையிடுபவன் அவனே. காஸ்டல்கார்ட் கோட்டை கற்பனை, அதைச் சூழ்ந்த பயம் நிஜம். இந்த வருஷத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஆசிரியரின் சாமர்த்தியம் தெரிகிறது. சட்டமும் அரசனும் இல்லாத ஊரில் சாகஸத்துக்குக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை அல்லவா?

அதோடு, இடைக்காலம் என்றால் இருட்டு, அழுக்கு, மூடத்தனம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த பாடத்தை இந்த நாவல் பிடிவாதமாக மறுக்கிறது. ஆற்றின் குறுக்கே அரண் கட்டிய பாலமும் அதன் மேல் சுழலும் ஆலைகளும், யந்திரங்களின் மேல் அந்த ஜனங்களுக்கு இருந்த ஆசையும் நன்றாக வருகின்றன. கிறிஸ் அந்த ஆலைகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவன். ஆனால் தெரியாத்தனமாகத் தன்னைப் பிரபு வம்சத்தவன் என்று காட்டிக்கொண்டுவிடுகிறான். அப்புறம் ஒரு வீரன் குதிரையேறி ஈட்டிச் சண்டைக்குக் கூப்பிட்டால் மறுக்க வழியில்லை. புத்தகத்தில் படித்த கவசம் வேறு, தோளில் ஏறுகிற கவசம் வேறு என்பது அவனுக்கு அப்போதுதான் புரிகிறது. புத்தகம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சரித்திரம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நம் எல்லோரையும் அந்தக் குதிரைமேல் ஏற்றி உட்கார வைத்துவிடுகிறார்.

'சினிமாவுக்கு எழுதியது' என்ற புகாரை மட்டும் நான் ஏற்கவில்லை. 2003-இல் ரிச்சர்ட் டானர் இதைப் படமாகவே எடுத்தார். படம் தோற்றது. வாளும் நெருப்பும் திரையில் இருந்தன. வாள் ஏன் அந்தக் கனம், ஆலை எப்படிச் சுழல்கிறது என்று நம் காதோடு சொல்லிக்கொண்டே வந்த குரல் இல்லை. பாத்திரங்கள் பொம்மைகள்தாம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு ஒரு குணம் இருந்தது. வாசகர் ஒன்றரை மணி வரை கண்விழித்தது அதன் கூடத்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. கம்பெனி முதலாளி டோனிகர் கடைசியில் பணக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்கிறான். இந்தக் காலத்து ஜனங்களுக்கு வேண்டியது வேடிக்கை. வேடிக்கை அலுத்த பிறகு அசல் சரக்கைத் தேடுவார்கள். அசல் சரக்கு என்றால் பழங்காலம், அதை நான் விற்கிறேன் என்கிறான். ஆசிரியர் இவனை மன்னிக்கவில்லை. அவனையே யந்திரத்தில் ஏற்றி 1348-க்கு, கொள்ளை நோய் தாண்டவமாடுகிற வருஷத்துக்கு அனுப்பிவிடுகிறார். நல்ல தண்டனைதான். ஆனால் 37 மணி நேரப் பழங்காலத்தை, கைதட்டிப் பார்க்கும்படியான அசல் சரக்காக நமக்கு விற்றவர் யார்? வில்லனைச் சாக அனுப்பிவிட்டு அவன் கடையை ஆசிரியரே நடத்துகிறார். எந்த வாசகரும் இதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. வாடிக்கைக்காரர்கள் கடையைக் குறை சொல்லுவார்களா?

அதே 1348-க்கு ஒரு பெண்ணை அனுப்பிய நாவல் ஒன்று இதற்கு முன்பே, 1992-இல், வந்திருக்கிறது. கானி வில்லிஸ் எழுதிய 'டூம்ஸ்டே புக்'. 2054-ஆம் வருஷத்து ஆக்ஸ்போர்டிலிருந்து கிவ்ரின் என்ற மாணவி 1320-ஐப் பார்க்கப் புறப்பட்டு, தவறிப்போய்க் கொள்ளை நோய் வருஷத்தில் இறங்குகிறாள். வாள் சண்டை கிடையாது. ஒரு சின்ன கிராமம், ஒரு பாதிரியார், இரண்டு பெண் குழந்தைகள். அவர்களுக்கு அவள் வெந்நீர் வைக்கிறாள், கட்டிகளைத் துடைக்கிறாள். மேற்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. இந்த நாவலுக்கும் வாசகர் புகார் உண்டு. பாதிக் கதை 2054-இல் நடக்கிறது. அதில் ஒருவரையொருவர் டெலிபோனில் பிடிக்க முடியாமல் திண்டாடுவதே பக்கம் பக்கமாகப் போகிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கிரைட்டனின் 1348-இல் நோய் ஒரு தண்டனை. வில்லிஸின் 1348-இல் அது பெயர் தெரிந்தவர்களுக்கு வருகிறது. முதலாவதை நான் இரண்டு ராத்திரியில் முடித்தேன். இரண்டாவதை நடுவில் ஒரு வாரம் எடுக்காமல் வைத்திருந்தேன். எடுக்கப் பயமாக இருந்தது.

என் மனைவி 'டைம்லை'னைப் படித்துவிட்டு, மாரெக் ஒருவன் மட்டும் பரவாயில்லை என்றாள். மற்ற பொம்மைகளிலிருந்து இவன் எப்படித் தப்பினான் என்று யோசித்துப் பார்த்தேன். யந்திரம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாத நாளில், அந்தக் காலத்துப் பாஷைகளைப் பேசப் பழகி, வில்லும் ஈட்டியும் பயின்றவன் அவன். கதை முடியும்போது மற்றவர்கள் யந்திரத்துக்கு ஓடி வருகிறார்கள்; இவன் வரவில்லை. அங்கேயே கலியாணம் செய்துகொண்டு, அங்கேயே கிழவனாகி, அங்கேயே செத்துப்போகிறான். தோழர்கள் பிற்பாடு அவன் கல்லறையைப் போய்ப் பார்க்கிறார்கள். 37 மணி நேரக் கணக்கை மதிக்காதவன் அந்த நாவலில் அவன் ஒருவன்தான். ஆசிரியருக்கும் அவன்மேல் ஆசை இருந்திருக்க வேண்டும். கடைசிப் பக்கங்களில் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார்.

"அவன் திரும்பி வந்திருந்தால் புஸ்தகத்தை வீசியெறிந்திருப்பேன்" என்றாள் என் மனைவி.

சரித்திர ஆசிரியர் போன வாரம் என்னிடமிருந்து 'டூம்ஸ்டே புக்'கை வாங்கிக்கொண்டு போனார். நேற்றுக் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். டெலிபோன் தொல்லை தாங்க முடியவில்லை என்று வழக்கம்போல் சத்தம் போட்டார்.

"எதுவரைக்கும் வந்திருக்கிறீர்கள்?" என்றேன்.

"அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது" என்றார். பிறகு, காய்கறி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, வாங்காமலே வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.