யோவான் நற்செய்தியில் படைப்பின் எதிரொலி

எபிரேய மறையின் முதல் நூலாகிய ஆதியாகமமும் கிறித்தவ நற்செய்தி நான்கனுள் இறுதியில் வைக்கப்பெற்ற யோவான் நற்செய்தியும் ஒரே தொடரால் தொடங்குகின்றன. இஃது இயல்பாய் நேர்ந்ததோ, ஆசிரியர் கருதி அமைத்ததோ என்பது ஆராய்தற்குரியது. கருத்தொப்புமை வேறு, சொல்லொப்புமை வேறு. முன்னது தொடர்பற்ற இரு நூல்களிலும் தோன்றுதல் கூடும்; பின்னது பலவிடத்தும் காணப்படின், ஒரு நூலை மற்றொன்றன் ஆசிரியர் அறிந்திருந்தமைக்குச் சான்றாகும்.

ஆதியாகமம் எபிரேயத்தில் அமைந்தது. யோவான் நற்செய்தி கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்கத்தில் எழுந்தது என்பர். இவற்றை இணைப்பது எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு. மோசேயின் ஐந்நூல்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அதன்கண் பெயர்க்கப்பெற்றன. அப்பெயர்ப்பின் முதலிரு சொற்களே யோவானின் முதலிரு சொற்களாகவும் நிற்கின்றன.

இதனினும் வலிய சான்று நூலின் இறுதிப் பகுதியில் உள்ளது. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்மேல் ஊதினார் என்னுமிடத்து (20:22) ஆளப்பட்ட வினைச்சொல், மண்ணால் உருவாக்கிய மனிதனுள் இறைவன் உயிர்மூச்சை ஊதினான் என்னுமிடத்து (ஆதி. 2:7) கிரேக்கப் பெயர்ப்பில் வந்த சொல்லேயாம். புதிய ஏற்பாட்டில் அச்சொல் பிறிதோரிடத்தும் வரவில்லை. உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் எசேக்கியேலின் காட்சியிலும் (37:9) அது வருகின்றது. ஆகவே சீடர்மேல் ஊதுதல் புதிய படைப்பின் குறிப்பு எனக் கொள்வது பொருந்தும். சீர்திருத்தச் சபையாரிடை வழங்கும் தமிழ்ப் பெயர்ப்பு இருநூல்களையும் ‘ஆதியிலே’ எனத் தொடங்கி, இவ்விடங்களிலும் ‘ஊது’ என்னும் வினையையே ஆண்டமையால், தமிழ் கற்பாரும் இவ்வியைபைக் காணலாம்.

எனினும் எல்லா ஒப்புமையும் இத்தகையன அல்ல. இயேசுவின் கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது என்பதனை (19:41) ஏதேன் தோட்டத்தோடு இணைத்துரைப்பாரும் உளர். ஆனால் ஏதேனுக்குக் கிரேக்கப் பெயர்ப்பு ஆண்ட சொல் வேறு. யோவான் ஆண்ட சொல் வேறு. இதனைக் கருத்தொப்புமையாகக் கொள்ளலாமேயன்றி, முன்னவற்றோடு ஒருங்கு எண்ணுதல் தகாது.

இனி, ‘வார்த்தை’ எனப் பெயர்க்கப்பெறும் ‘லோகோஸ்’ என்பது கிரேக்க மெய்யியலிலிருந்து வந்ததென்பர் சிலர். எராக்கிளிட்டசும் ஸ்டோயிக்கரும் அதனை ஆண்டமை உண்மையே. ஆயினும் ஆதியாகமத்து முதல் அதிகாரத்தின் எபிரேய மூலத்தில் இறைவன் சொன்னான் என்பது 10 முறை வருகின்றது. அங்குப் படைப்பு நிகழ்வது சொல்லாலேயாம். முதலடியிலேயே அந்நூலை நினைவூட்டும் யோவான், தம் சொல்லின் வேரையும் ஆண்டே காட்டுகின்றார் எனல் தகும்.

ஒற்றுமை கண்ட அளவில் வேற்றுமையை மறத்தலாகாது. ஆதியாகமத்தில் ஒளி படைக்கப்பட்டது. யோவானில் ஒளி அவ்வார்த்தையின்பாற்பட்டது. முன்னதில் சொல் உலகைப் படைக்கின்றது. பின்னதில் அச்சொல்லே மானுட உடலெடுத்து உலகினுள் வருகின்றது. படைத்தவனே மீட்கவும் வந்தான் என்பது இதன் கருத்து. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பார், உலகைப் படைத்த கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு எனக் கூறி எபிரேய மறையை விலக்கினார். யோவானின் தொடக்கம் அப்பிரிவினைக்கு இடந்தாராது. ஆதலின் அவ்வெதிரொலி நூலுக்கு அணி மட்டுமன்று, நூற்பொருளின் அடிப்படையாம்.