தலையில்லாக் காவலர்

நோர்மன் றொக்வெல்லை, அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் இல்லறச் சுகங்களை வரைந்து பிழைத்த சஞ்சிகைக் கலைஞர் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் 1964 ஜனவரியில் 'லுக்' சஞ்சிகையில் வெளியான 'நாமெல்லோரும் சுமந்து வாழும் பிரச்சினை' என்னும் அவரது ஓவியத்தை அவ்வாறு ஒதுக்க நாம் உடன்படோம்.

வெள்ளைச் சட்டையணிந்த கறுப்பினச் சிறுமி ஒருத்தி, கொப்பியும் அடிமட்டமும் ஏந்தி நடக்கிறாள். முன்னும் பின்னும் காவலர் நால்வர். சுவரில் ஓர் இழிசொல். எறியப்பட்டுச் சிதறிய தக்காளியின் சிவப்பு. 1960 நவம்பர் 14இல் நியூ ஓர்லியன்ஸில், ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ் வெள்ளையர் மட்டும் பயின்ற பாடசாலையில் அடியெடுத்து வைத்த நிகழ்வே இதன் கரு. பாடசாலைகளில் இனப்பிரிவினை யாப்புக்கு முரணென உச்ச நீதிமன்றம் 1954இலேயே தீர்த்திருந்தது. கல்வி மாநிலத்தின் உரிமை எனக் கூறி லூசியானாச் சட்டசபை சட்டத்தின்மேல் சட்டமாக இயற்றியது. சமஷ்டி நீதிமன்றம் அவற்றைத் தள்ளியது. 'மாநில உரிமை' என்னும் தொடர் ஈழத்துச் சிறுபான்மையினராகிய நமது செவிக்கு இனியது. அவ்வுரிமை யாருடைய கையில், யாருக்கெதிராக என்று கேளாது அதனை வழிபடுதல் மட்டும் தகாது.

காவலரின் தலைகளை ஓவியர் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிட்டார். சிறுமியின் உயரத்திலிருந்து நோக்கியதன் விளைவு என்பர் சிலர். நமக்கு அதனினும் மேலாகத் தோன்றுகிறது. சமஷ்டி அதிகாரம் இங்கே கைப்பட்டியாகவும் சட்டைப்பையில் துருத்தும் கட்டளைத் தாளாகவுமே வருகிறது. முகமில்லாமையால் அதனிடம் அன்புமில்லை, வெறுப்புமில்லை. இருந்தும் அதுவின்றி அவள் அவ்வாயிலை அடைந்திருக்க முடியாது. கூட்டத்தை ஓவியர் வரையவே இல்லை. அது நின்ற இடத்தில் பார்ப்பவரை நிறுத்திவிட்டார்.

குறையும் உண்டு. ஓவியம் வாயிலுக்கு முன்னரே நின்றுவிடுகிறது. உள்ளே நிகழ்ந்ததையே ஆசிரியராகிய நாம் அறிய விழைகிறோம். வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட, பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை அவ்வாண்டு முழுவதும் அந்த ஒரு சிறுமிக்கே பாடம் நடத்தினார். கதவைத் திறந்த கட்டளையால் பக்கத்து வாங்கை நிரப்ப முடியவில்லை. பணத்தின் கதையோ தக்காளியால் காட்டத்தக்கதன்று. ஆதன வரியில் தங்கிய கல்வி நிதியின் ஏற்றத்தாழ்வை எதிர்த்து டெக்சாஸின் ஏழைப் பெற்றோர் வழக்காடியபோது, அதே உச்ச நீதிமன்றம் 1973இல், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், கல்வி சமஷ்டி யாப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமையன்று எனக் கூறி, அவ்விடயத்தை மாநிலங்களிடமே விட்டது.