மூலையில் ஒரு 25

ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது. எண் எது?

ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முன், கலீபா அல் மாமூன் காலத்து பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி போட்டுக் காட்டிய கணக்கு இது. அப்போது சமக்குறி கிடையாது. ராபர்ட் ரெக்கார்ட் அதை அச்சில் கொண்டுவந்தது 1557இல். தெரியாத எண்ணை எக்ஸ் என்று டெகார்ட் எழுதியது 1637இல். அல் குவாரிஸ்மி எல்லாவற்றையும் வாக்கியமாகவே எழுதினார். எக்ஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே 'மாறி' என்ற கருத்து வந்துவிட்டது. இன்னதென்று தெரியாத ஒன்றைத் தெரிந்த எண்களோடு ஒரே பந்தியில் உட்காரவைத்த துணிச்சல் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இந்தக் கணக்குக்கு அவர் தந்த படத்தை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். முதலில், பக்கம் தெரியாத ஒரு சதுரம். தெரியாததை எப்படி வரைவது? எந்த அளவிலும் வரையலாம்; மாறி தரும் சுதந்திரம் அது. பிறகு பத்தைப் பாதியாக்கி, ஐந்து அகலமுள்ள செவ்வகம் ஒன்றை வலப்பக்கமும் இன்னொன்றைக் கீழேயும் ஒட்டுங்கள். மூன்றின் மொத்தப் பரப்பு 39. வலது கீழ் மூலை மட்டும் காலியாக நிற்கும். அது ஐந்துக்கு ஐந்து. எக்ஸ் எதுவானாலும் அங்கே 25தான். அதை நிரப்பினால் மொத்தம் 64, பெரிய சதுரத்தின் பக்கம் எட்டு. ஐந்தைக் கழித்தால் மூன்று.

எத்தனை முறை வரைந்தாலும் அந்த மூலை நிரம்பும்போது மனசு துள்ளுகிறது. இந்தப் படத்தைக் காட்டாமல், 'பாதியாக்கு, வர்க்கப்படுத்து, இருபுறமும் கூட்டு' என்று வர்க்கப் பூர்த்தியை ஒப்பிக்க வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

விடை வந்ததும் அதைச் சமன்பாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்பதும் முப்பதும் முப்பத்தொன்பது, சரி. சமன்பாட்டை மெய்யாக்கும் எண்தான் தீர்வு, குருட்டாம்போக்கில் கிடைத்திருந்தாலும் சரி. இந்தச் சோதனையில் −13உம் தேறும்: 169இல் 130 போனால் 39. பக்கம் −13 உள்ள சதுரத்தை வரைய முடியாது. அல் குவாரிஸ்மி மூன்றோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் 628இலேயே பிரம்மகுப்தர் குறை எண்களைக் கடனாகப் பாவித்து விதிகள் எழுதியிருந்தார். 64க்கு −8உம் வர்க்கமூலம் என்று ஒப்புக்கொண்டால், அதிலிருந்து ஐந்து கழிய −13 தானாக வருகிறது.

இனி 39ஐ மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். 24 என்றால் விடை 2, −12. 11 என்றால் 1, −11. பூஜ்யம் என்றால் 0, −10. இரண்டு தீர்வுகளும் நெருங்கிக்கொண்டே வந்து, −25இல் ஒன்றாகி −5 ஆகின்றன. அதற்கும் கீழே −26 என்று வைத்தால் மூலையை நிரப்பிய பிறகும் −1தான் மிஞ்சும். எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் அதுவாகாது.